தோற்றம் 1900, மறைவு 1943

நம் ஊர்ச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு ஓர் இலக்கணம் உண்டு. நடுவில் படம். இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு. அடியில் 'இப்படிக்கு' என்று தொடங்கி, பேரன் பேத்திவரை பெயர்கள். அமெரிக்காவின் டெக்சாஸில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய பாலைவனத்தில் செத்துக் கிடக்கும் மாரிஸ்கல் பாதரசச் சுரங்கத்துக்கு அப்படி ஒன்று எழுதலாமென்று உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே இடித்தது.

1900 என்று போடலாம். அந்த வருடம்தான் அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர் மார்ட்டின் சோலிஸ், மாரிஸ்கல் மலையின் வடகோடியில் அந்தச் சிவப்புக் கல்லைக் கண்டார். குங்குமத்தைக் குழைத்துப் பூசியதுபோல் பாறைக்குள் சிவப்பு ஓடியிருக்கும். சித்த மருத்துவர்கள் இலிங்கம், சாதிலிங்கம் என்று சொல்லும் அதே சரக்கு. கந்தகமும் பாதரசமும் கட்டிக்கொண்ட கல். அதன் எடையில் 86 சதவீதம் பாதரசம்.

ஆனால் அது கண்டெடுத்த நாள்தானே, பிறந்த நாள் எப்படி ஆகும்? பிறப்பைத் தேடினால் ஏறக்குறைய 9 கோடி வருடம் பின்னால் போகவேண்டும். அப்போது அங்கே கடல். அதன் அடியில் படிந்த சுண்ணச் சேறு, அப்பளக்கட்டை அடுக்கியது மாதிரி மெல்லிய பலகைக் கற்களாக இறுகியது. கடல் போனபின் பூமி பக்கவாட்டில் நெருக்க, அந்த அடுக்குகள் நடுவில் வளைந்து மேடு தட்டின. விரித்த பாயை இரண்டு கையாலும் உள்பக்கம் தள்ளினால் எழும்புமே, அந்த மேடுதான் மாரிஸ்கல் மலை. பிறகு கீழிருந்து வந்த எரிமலைக் குழம்பு அடுக்குகளின் இடுக்கில் பலகை பலகையாகப் புகுந்து உறைந்தது. கடைசியாக வந்தது வெந்நீர். பாதரசத்தையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு ஏறிய அது, மலையுச்சியின் விரிசல்களில் ஆறிப்போய்ச் சரக்கை அங்கேயே விட்டுவிட்டது.

விட்ட விதத்தில்தான் இந்தச் சுரங்கத்தின் தலையெழுத்து. ஒரே சீராக ஓடும் பாளமாக இல்லை. விரிசல் இருந்த இடத்தில் கை நிறைய இருக்கும். அதைத் தாண்டினால் வெறும் பாறை. தோண்டுகிறவனுக்கு நாளைக்கு என்ன கிடைக்கும் என்று இன்றைக்குத் தெரியாது.

எல்லையில் குடிநுழைவு அலுவலராக இருந்த எட் லிண்ட்சே முதலில் வெட்டிப் பார்த்தார். சொந்தமாக உலை இல்லை. கல்லைக் கோவேறு கழுதைகளின் மேல் ஏற்றி, மேற்கே டெர்லிங்குவாவுக்கு அனுப்பினார். டெர்லிங்குவா அந்த வட்டாரத்தின் பெரிய வீடு. மாரிஸ்கல் அதன் ஏழைப் பங்காளி. பாதரசம் கிடைக்கிறதோ இல்லையோ, கழுதைக் கூலி கொடுத்தாக வேண்டும்.

உயிர் வந்தது முதல் உலகப் போரில். தோட்டாவையும் வெடியையும் பற்றவைக்கும் ஃபுல்மினேட்டுக்குப் பாதரசம் வேண்டும், விலை ஏறிற்று. டபிள்யூ. கே. எல்லிஸ் என்பவர் பக்கத்தில் கிளென் ஸ்பிரிங்ஸில் காண்டெலில்லா என்ற புதரிலிருந்து மெழுகு எடுக்கும் தொழிற்சாலை நடத்திவந்தார். 1916 மே மாதத்தில், எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றுக்கு அப்பாலிருந்து, மெக்சிகோவிலிருந்து வந்த கும்பல் ஒன்று அந்த ஊரைச் சூறையாடியது. மெழுகை விட்டுவிட்டுப் பாதரசத்துக்கு வந்தார் எல்லிஸ். 1919-க்குள் அவர் அனுப்பியது 894 குப்பி. மாரிஸ்கல் வாழ்ந்த வாழ்வு அவ்வளவுதான்.

குப்பி என்றால் கண்ணாடிக் குப்பி இல்லை. திருகு மூடி போட்ட இரும்புக் குப்பி. உலகம் முழுக்கப் பாதரசத்துக்கு அதுதான் படி, மரக்கால் எல்லாம். ஒன்றுக்கு 76 பவுண்டு. பள்ளிக்கூடத்தில் பாரமானியை வரைந்த யாருக்கும் 76 சென்டிமீட்டர் பாதரசம் மறக்காது. இந்த 76-க்கும் அந்த 76-க்கும் சம்பந்தமில்லை என்றாலும், பாதரசத்துக்கு இந்த எண்ணின்மேல் ஏதோ ஆசை. உள்ளே இருப்பது இரண்டரை லிட்டர்தான், ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் அளவு. ஆனால் முப்பத்து நாலரை கிலோ! பார்த்த அளவை நம்பி ஒற்றைக் கையால் தூக்கப்போனால் தோள் கழன்றுவிடும்.

அதை நிரப்புவது சுலபமில்லை. கல்லை உடைத்து, மூடிய இரும்புக் கலத்தில் போட்டு, கீழே விறகெரிப்பார்கள். சூட்டில் கந்தகம் பிரிய, பாதரசம் ஆவியாகிக் குழாய்க்குள் போய், ஆறித் துளியாகச் சொட்டும். எல்லாம் சொட்டிவிடாது. ஒரு பகுதி கரியோடு கலந்து கறுப்பு மசியாக ஒட்டிக்கொள்ளும். அந்த மசியை வழித்து, சாய்வான மேசையில் கொட்டி, சுண்ணாம்பு தூவி, பரம்புக் கட்டையால் இழுத்து இழுத்துத் தேய்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, உருண்டு, மேசையின் ஓரத்துக் கால்வாயில் வெள்ளியாக ஓடும். பார்க்க அழகுதான். அந்த ஆவியில் நின்று பரம்படித்தவனுக்கு முதலில் வாயில் எச்சில் ஊறும், நிற்காது. பிறகு ஈறு வீங்கும், பல் ஆடும், கை நடுங்கும்.

பரம்படித்தவர்களும் கல் வெட்டியவர்களும் பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். ரியோ கிராண்டே ஆற்றுக்கு அப்பால் 1910 முதல் புரட்சி. இப்பால் நாளொன்றுக்கு ஒரு டாலர், ஒன்றரை டாலர் கூலி. மலையிலிருந்து பெயர்த்த அதே பலகைக் கற்களை அடுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். கூரை போய்விட்டது, சுவர்கள் இன்னும் நிற்கின்றன. சுரங்க முதலாளிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்ல முடிகிறது. இந்தச் சுவர்களுக்குள் சமைத்துச் சாப்பிட்டவர்களின் ஒரு பெயரைக்கூட என்னால் எழுத முடியவில்லை. சுவரொட்டியில் 'இப்படிக்கு'வுக்குக் கீழே வரவேண்டியவர்கள் அவர்கள்தான்.

போர் முடிந்தது, விலை சரிந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து 1919-இல் மாரிஸ்கல் மைனிங் கம்பெனி சுரங்கத்தை வாங்கி, பெரிய ஸ்காட் உலை ஒன்றைக் கட்டியது. கலிபோர்னியாவில் 1870-களில் உருவான உலை அது. செங்கல் கோபுரத்துக்குள் சாய்வுப் பலகைகள் மாறி மாறி இருக்கும். மேலே கொட்டிய கல், சறுக்குமரத்தில் இறங்குவதுபோலத் தானாகவே இறங்கி வெந்துகொண்டே போகும். இரவு பகல் ஓயாமல் தின்னும் உலை. இங்கேயோ விரிசலுக்கு விரிசல் தேடினால்தான் கல். ஆழாக்கு அரிசிக்கு அண்டாவை ஏற்றிய கதை. எனக்கு அந்தக் கம்பெனிமேல் கோபம்கூட வரவில்லை; நம் பக்கத்தில் கடன் வாங்கி ரைஸ் மில் வைத்தவர்கள் எத்தனை பேர். 1923-இல் இழுத்து மூடினார்கள்.

இருபது வருடம் கழித்து இன்னொரு போர், இன்னொரு உயிர். 1942-இல் விவியானா மைனிங் கம்பெனி வந்தது. பெரிய வீடான டெர்லிங்குவாவின் சீசோஸ் சுரங்கம் திவாலானதும் அதே வருடம்தான். விவியானாவுக்குக் கிடைத்தது சொற்பம். 1943-இல் மூச்சு நின்றது. உலகத்துக்குக் கெட்ட காலம் வந்தால் எழுந்து உட்காரும், நல்ல காலம் வந்தால் படுத்துவிடும். இப்படி ஒரு பிழைப்பு.

கணக்குப் பார்த்தால், 43 வருடத்தில் மொத்தம் சுமார் 1,400 குப்பி. எடையில் 48 டன். கன அளவில் மூவாயிரத்து ஐந்நூறு லிட்டர் சொச்சம். சென்னையில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஊற்றினால் மூன்றில் ஒரு பங்குகூட நிறையாது. லாரியின் அச்சு மட்டும் முறிந்துவிடும்.

1944-இல் சுற்று வட்டாரமெல்லாம் பிக் பெண்ட் தேசியப் பூங்கா ஆயிற்று. 1974-இல் சுரங்கம் அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ஏறியது. அதற்குள் ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசக் கழிவால் வந்த நோய், பாதரசத்தின் பெயரைக் கெடுத்திருந்தது. 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா ஒப்பந்தம், அதை ஏற்ற நாடுகளில் புதிதாகப் பாதரசச் சுரங்கமே கூடாது என்றது. ஆகவே வாரிசும் இல்லை.

சுவரொட்டியில் மறைவு 1943 என்றே போட்டுவிடலாம். அதிலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் நாம் எதையும் தொடமாட்டோம். மாரிஸ்கலில் இன்னும் கொஞ்சம் கடுமை. சுரங்க வாய்களில் இரும்புக் கம்பி வலை அடித்திருக்கிறார்கள், வௌவால் போய்வர மட்டும் சந்து விட்டு. சரிந்து கிடக்கும் உலைச் செங்கற்களில் அன்றைக்கு ஊறிய பாதரசம் இன்னும் இருக்கிறது. அதனால் பார்க்க வருகிறவர்களிடம் பூங்காக்காரர்கள் முதலில் சொல்வது, செங்கலைத் தொடாதீர்கள் என்பதுதான்.