சிவப்புக் கோடு முதல் இன்ஸ்பெக்ட் வரை: ‘சேத்தியாத்தோப்பு’ எங்கே வெட்டுப்படுது?

இன்னைக்கு எபிசோட் ஒரு ஊர்ப் பேர்ல ஆரம்பிக்குது: சேத்தியாத்தோப்பு. சிதம்பரத்துக்கும் விருத்தாசலத்துக்கும் நடுவுல, வெள்ளாற்றங்கரை ஊர். எழுதினா 8 எழுத்து. யூனிகோடு கணக்குல 16 குறியீடு. நடுவுல இடைவெளியே கிடையாது. ‘கடலூர்’னு வச்சு டிசைன் பண்ணின பட்டன்ல இதைப் போட்டா வெளியே வழியும். இல்லைன்னா ‘சேத்தியா...’ன்னு மூணு புள்ளியோட நின்னுடும்.

வெட்டினது எது? வெப் பேஜ்ங்கிறது பெட்டிக்குள்ள பெட்டி. 1996-ல் வந்த முதல் சிஎஸ்எஸ் தரத்துலயே உள்ளடக்கம், பேடிங், பார்டர், மார்ஜின்னு ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு அடுக்கு உண்டு. ஆனா பெட்டி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தெரிய வச்ச கதைதான் இது.

90-கள்ல லேஅவுட்டை டேபிள் வச்சுதான் கட்டினாங்க. கோளாறு வந்தா டேபிளுக்கு பார்டர் போட்டுப் பார்ப்பாங்க. சிக்கல் என்னன்னா, பார்டரும் இடம் பிடிக்கும். தேடப் போட்ட கோடே பேஜை நகர்த்திடும். 1998-ல் சிஎஸ்எஸ் 2 ‘அவுட்லைன்’ கொண்டுவந்துச்சு. அது இடம் பிடிக்காது. எல்லா எலிமெண்ட்டுக்கும் 1 பிக்சல் சிவப்பு அவுட்லைன் போடுறது இன்னைக்கும் பலிக்கிற கைவைத்தியம்.

பெரிய திருப்பம் 2006. மோசில்லாவோட டாம் இன்ஸ்பெக்டரை உருவாக்கின ஜோ ஹெவிட், ஃபயர்ஃபாக்ஸுக்காக ஃபயர்பக் வெளியிட்டார். கோட் மேல மவுஸை வச்சா, பேஜ்ல அந்தப் பெட்டி ஒளிரும். எண்ணை அங்கேயே மாத்தினா உடனே விளைவு தெரியும். 2008-ல் வந்த குரோம், வெப்கிட்டோட இன்ஸ்பெக்டரைக் கூடவே கொண்டுவந்துச்சு. 2012-ல் ஃபயர்ஃபாக்ஸ் பேஜையே முப்பரிமாணத்துல அடுக்கிக் காட்டுச்சு. 2017-ல் ஃபயர்பக் ஓய்வு பெற்றது. அதோட வேலை எல்லா பிரவுசருக்குள்ளயும் போயிடுச்சு. 2013-ல் ரியாக்ட் வந்த பிறகு, எந்த காம்பொனென்ட் அந்தப் பெட்டியை வரைஞ்சதுன்னு பேரோட சொல்ற டெவ்டூல்ஸும் வந்தாச்சு.

சரி, நம்ம பட்டனை இன்ஸ்பெக்ட் பண்ணுவோம். அகலம் நிலையா இத்தனை பிக்சல்னு இருக்கும். மிஞ்சினதை மறைன்னு ஒரு வரி இருக்கும். நிலையான அகலத்தைக் குறைந்தபட்ச அகலமா மாத்தினா, பேர் முழுசா வந்துடும். ஒரே வரி வேலை!

ஆனா, ‘கடலூர்’ மட்டும் போட்டு டெஸ்ட் பண்ணினா எந்தக் கருவியும் இதைக் காட்டாது. பஸ் தேடுறவங்க தன் ஊர்ப் பேரைப் பாதியா பார்க்கிற நிலைமை அங்கதான் பிறக்குது. டெஸ்ட் டேட்டாவுல நீளமான தமிழ்ப் பேர் ஒண்ணு கட்டாயம் இருக்கட்டும். ஊரைச் சுருக்க வேணாம். பெட்டியை வளர விடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!