கறுப்புப் படங்களுக்குப் பாரீஸ் வைத்த பெயர்

'நுவார்' என்றால் கறுப்பு. நம் புதுச்சேரிப் பெரியவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே 'வில் பிளான்ஷ்', மேற்கே 'வில் நுவார்' என்று சொன்ன காலம் பலருக்கு நினைவிருக்கும். அதே சொல்தான் 1940களில் அமெரிக்காவில் வந்த ஒரு வகைக் குற்றப் படங்களுக்கும் பெயராக நிலைத்தது: 'ஃபிலிம் நுவார்'. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படங்களை எடுத்தவர்கள் அப்போது அந்தப் பெயரை அறியமாட்டார்கள். திரில்லர் என்றும் மெலோடிராமா என்றும்தான் சொல்லிக்கொண்டார்கள்.

பெயர் பிறந்தது பாரீஸில். ஜெர்மானியர் பிடியில் இருந்த ஆண்டுகளில் பிரான்சில் அமெரிக்கப் படங்களுக்குத் தடை. போர் முடிந்து, 1946 கோடையில், சில வாரங்களுக்குள் ஐந்து படங்கள் பாரீஸ் திரையரங்குகளுக்கு வந்தன: 'தி மால்டீஸ் ஃபால்கன்', 'லாரா', 'மர்டர், மை ஸ்வீட்', 'டபுள் இண்டெம்னிட்டி', 'தி வுமன் இன் தி விண்டோ'. அமெரிக்கர்கள் இவற்றைச் சில ஆண்டுகளில், ஒவ்வொன்றாகப் பார்த்தவர்கள். பாரீஸ்காரர்களோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்தார்கள். அதனால்தான் படங்களுக்கிடையே ஓடிய ஒற்றுமை அவர்கள் கண்ணில் பட்டது. நல்லவன் வெல்வான் என்ற உறுதி இல்லை. பாதித் திரை இருட்டு. யாரை நம்புவதென்று தெரியாத மனிதர்கள். அந்த ஆகஸ்டில் நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் 'லெக்ரான் ஃபிரான்ஸே' பத்திரிகையில் இவற்றைப் பற்றி எழுதியபோது 'நுவார்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் கலிமார் பதிப்பகம் 'செரி நுவார்' என்ற பெயரில் துப்பறியும் நாவல் வரிசையைத் தொடங்கியிருந்தது. ஆகவே சொல் தயாராகவே இருந்தது.

இந்த ஐந்தில் என் போன்ற குமாஸ்தாக்கள் அவசியம் பார்க்க வேண்டியது பில்லி வைல்டர் இயக்கிய 'டபுள் இண்டெம்னிட்டி' (1944). தலைப்பே இன்சூரன்ஸ் பத்திரத்தில் வரும் ஒரு ஷரத்து. குறிப்பிட்ட வகை விபத்தில் இறந்தால் இரட்டிப்புத் தொகை. பாலிசி விற்கும் ஏஜெண்ட் ஒருவன் வாடிக்கையாளரின் மனைவியோடு சேர்ந்து கணவனைக் கொல்கிறான். ரயிலிலிருந்து விழுந்து செத்ததாக ஜோடிக்கிறான். கொலைகாரன் யார் என்பது படம் தொடங்கியதுமே நமக்குத் தெரிந்துவிடும். குண்டடிபட்ட ஏஜெண்ட் நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து, டிக்டஃபோன் கருவியில் தன் குற்றத்தை மேலதிகாரிக்கு அனுப்பும் மெமோவாகச் சொல்லத் தொடங்குகிறான். எத்தனையோ மெமோ தட்டச்சு செய்தவன் நான். இப்படி ஒரு மெமோவைக் கண்டதில்லை!

அந்த மேலதிகாரி கீஸ், கிளெய்ம் பிரிவின் தலைவர். எட்வர்ட் ஜி. ராபின்சன் நடித்திருக்கிறார். தற்கொலை என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்க்கும் முதலாளியிடம், தற்கொலைகளுக்கு எத்தனை வகைப் புள்ளிவிவரம் உண்டு என்று அவர் மூச்சுவிடாமல் அடுக்குகிறார். மெதுவாகப் போகும் ரயிலிலிருந்து குதித்துச் செத்தவர் ஒருவரும் அதில் இல்லை. கோப்பைப் படித்தே பொய்யை மோப்பம் பிடிப்பவர். ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் நண்பன்தான் குற்றவாளி என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை எட்டுவதில்லை.

இப்படங்களின் இருட்டு எங்கிருந்து வந்தது? இயக்குநர்களில் பலர் ஹிட்லருக்குத் தப்பி ஓடிவந்தவர்கள். வைல்டர் 1933-இல் பெர்லினை விட்டுப் பாரீஸ் வழியாக அமெரிக்கா போனவர். அவருடைய தாயார் நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையில் இறந்தார். ஃபிரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக் போன்றவர்களும் அப்படி வந்தவர்களே. சட்டமும் போலீசும் எப்போதும் நல்லவர் பக்கம் நிற்கும் என்று அவர்களிடம் யார் சொல்ல முடியும்?

அமெரிக்காவிலேயே அந்த இருட்டு ஒருநாள் திரையை விட்டு இறங்கி வந்தது. 1947-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடத் தொடங்கியது. பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் சிறை சென்றார்கள். வேலை வேண்டுமானால் மற்றவர் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவருக்கு வேலை போய்விடும். பத்துப் பேரில் ஒருவரான இயக்குநர் எட்வர்ட் டிமிட்ரிக் சிறையிலிருந்து வந்தபின் மனம் மாறி, 1951-இல் பெயர்களைச் சொன்னார். அதில் ஒரு பெயர் ஜூல்ஸ் டாசின்.

பெயரைக் கேட்டு டாசினைப் பிரெஞ்சுக்காரர் என்று நினைப்பவர் உண்டு. அவர் அமெரிக்காவில் பிறந்த ரஷ்ய யூதக் குடும்பத்துப் பிள்ளை. நம்மில் பிரெஞ்சுப் பாட்டு கேட்டவர்கள் அறிந்த ஜோ டாசின் அவருடைய மகன். 'தி நேகட் சிட்டி' போன்ற படங்களால் பேர் பெற்றவர், பிழைப்புத் தேடி ஐரோப்பா வந்தார். அங்கும் அமெரிக்கத் தரப்பின் நெருக்குதலால், கைக்கு வந்த படம் ஒன்று தொடங்கும் தறுவாயில் நழுவியது. 1950-க்குப் பிறகு ஐந்து ஆண்டு அவர் பெயரில் படம் இல்லை.

பிறகு பாரீஸில், குறைந்த செலவில், அதிகம் அறியப்படாத நடிகர்களோடு 'ரிஃபிஃபி' (1955) எடுத்தார். நகைக்கடைக் கொள்ளைக் கதை. மாடி வீட்டின் தரையைத் துளைத்து, காரை கீழே விழுந்து சத்தம் வராமல் ஓட்டைக்கடியில் ஒரு குடையை விரித்துப் பிடிப்பார்கள். சுமார் அரை மணி நேரம் ஒரு வசனம் இல்லை, இசை இல்லை. கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதைப் பகிர்ந்துகொண்டார்.

கொள்ளையரில் ஒருவன் பயந்துபோய் கூட்டாளியின் பெயரைச் சொல்லிவிடுகிறான். அதற்காக அவனுடைய தலைவனே அவனைச் சுட்டுக் கொல்கிறான். காட்டிக்கொடுக்கும் அந்த வேடத்தில் நடித்தது டாசினேதான், வேறு பெயரில்! தன்னைக் காட்டிக்கொடுத்தவர்களைத் திட்டி ஒரு பாத்திரம் படைப்பது சுலபம். அந்தப் பாத்திரத்தின் பயத்தைத் தானே ஏற்று நடிக்க வேறொரு மனம் வேண்டும்.

பணிக்காலத்தில் மொட்டைக் கடிதங்கள் பலவற்றைக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். ஒரே ஒரு வரியில் ஒரு பெயர் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் அரிசியும் பருப்பும் இருப்பதை எழுதியவர் யோசித்திருப்பாரா, தெரியாது. 'ரிஃபிஃபி' பார்க்கும்போதெல்லாம் அந்தக் காகிதங்கள் நினைவுக்கு வருகின்றன.

வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் போட்டுத் தரச் சொல்லிப் பாருங்கள். முதலில் 'டபுள் இண்டெம்னிட்டி', அடுத்து 'ரிஃபிஃபி'. இந்த வரிசையில் பார்த்தால் கதை முழுதாகப் புரியும்.