இலை ஏந்தும் படைக்கலம்

1997இல் கற்பிட்டிப் பகுதியில் முதலில் அறியப்பட்ட தென்னைச் சிற்றுண்ணியை நாம் மறந்திலோம். வத்தளையில் எம் முற்றத்துத் தென்னையின் வடுப்பட்ட காய்களைக் காணுந்தோறும், தாவரம் எதிர்ப்பின்றி அழியும் உயிரோ என்னும் வினா எழுகின்றது. அன்று என்பதே வரலாறு தரும் விடை.

1945இல் குனிற்ஸ் என்பார், திரிப்சின் நொதியத்தைத் தடுக்கும் புரதமொன்றைச் சோயா அவரையிலிருந்து பளிங்காகப் பிரித்தெடுத்தார். அது தாவரத்துக்கு எதற்கு என்பது பின்னரே துலங்கிற்று. வண்டு கடித்த உருளைக்கிழங்கு, தக்காளி இலைகளில் இத்தகைய நிரோதிகள் பெருகுவதை 1972இல் கிறீனும் றயனும் காட்டினர். உண்பவற்றின் சமிபாட்டைக் குலைக்கும் தற்காப்பு இஃதெனக் கருதினர். 2012இல் ஸ்பானிய ஆய்வாளர் பார்லியின் இரு நிரோதிகளை வேறொரு செடியிற் சேர்க்க, சிலந்திச் சிற்றுண்ணியை எதிர்க்கும் ஆற்றல் மிகுந்தது.

நஞ்சு தெளிக்க முந்தும் நாம், செடி தானே ஏந்தும் படைக்கலத்தையும் அறிதல் வேண்டும்.