பின் இருக்கையில் ஒரு ஜெனரேற்றர்

சென்ற கோடையில் எங்கள் ஊர்ச்சங்க ஒன்றுகூடலுக்கு வந்தவர்கள் இந்தக் கதையின் பாதியை நேரில் பார்த்திருப்பீர்கள். மீதியைத்தான் இம்மாத உரையில் வானலையில் சொன்னேன். தவறவிட்டவர்களுக்காக அதை இங்கே எழுதித் தருகிறேன்.

பூங்காவின் வாகனத் தரிப்பிடத்திலிருந்து எங்கள் கூடாரம் வரை நானூறு மீற்றர் இருக்கும். நடக்க இயலாத முதியவர்களை ஏற்றி இறக்க மின்சார கோல்ஃப் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். பொருளாளர் என்ற முறையில் அந்தச் செலவுக்குக் கையெழுத்து வைத்தவன் நான். பிற்பகல் இரண்டு மணிக்கு, எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவரை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. பற்றரி இறங்கிவிட்டது.

எங்கள் இளைஞர்கள் சும்மா நிற்கிற ஆட்கள் அல்ல. "அங்கிள், மைக் செற்றுக்கு இருக்கிற ஜெனரேற்றரைத் தூக்கிப் பின் சீற்றில வைப்பம். சார்ஜரைக் குத்திவிட்டா ஓடிக்கொண்டே இருக்கலாம்தானே?" என்றார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. வைத்தார்கள், குத்தினார்கள், ஜெனரேற்றர் இரைந்தது, சார்ஜரில் விளக்கும் எரிந்தது. வண்டி மட்டும் அசையவில்லை. சார்ஜர் வயர் குத்தியிருக்கும்போது யாரும் மறதியாக ஓட்டிச் சென்று வயரைப் பிய்த்துவிடக் கூடாதென்று, இப்படியான வண்டிகள் பலவற்றில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஆச்சி இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு கேட்டார்: "எங்கட மண்ணெண்ணெய்க் கார் ஓடினது. உது ஏன் தம்பி ஓடாது?"

அந்தத் தடுப்பு இல்லாதிருந்தாலும் பிள்ளைகள் நினைத்தபடி ஓடியிருக்காது. இதை நான் கணக்காளனாகவே விளங்கிக்கொண்டேன். அத்தகைய 48 வோல்ற் வண்டி ஒன்று சமதரையில் ஓடும்போது சுமார் 2,000 முதல் 3,000 வாற் வரை செலவழிக்கும்; நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு கேட்கும். சார்ஜர் உள்ளே விடுவதோ ஆயிரம் வாற் அளவுதான். வரவை மிஞ்சிய செலவு. இடைவெளியை நிரப்புவது பற்றரி என்ற சேமிப்புக் கணக்கு. சேமிப்பு வெறுமையானபின் மாதச் சம்பளத்தை மட்டும் நம்பி வீடு வாங்க முடியாது. ஆனால் வண்டி பத்து நிமிடம் ஓடி அரை மணி நேரம் நிற்குமானால், அந்தச் சிறிய வரவே போதும். ஜெனரேற்றர் பெரிதாக இருக்க வேண்டுமா, சிறிதாக இருக்கலாமா என்பதைப் பற்றரிதான் முடிவு செய்கிறது.

இந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் ஒருவர் ஃபெர்டினண்ட் போர்ஷே. 1875இல் பொஹீமியாவில் பிறந்தவர். வியன்னாவில் குதிரை வண்டிகள் செய்து பெயர்பெற்ற லோனர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். (பின்னாளில் ஹிட்லருக்காகப் பீட்டில் காரையும் போர்த் தாங்கிகளையும் வடிவமைத்தவரும் இவரே. அந்தக் கணக்கு வேறு. அதை நாம் மறந்துவிடவும் கூடாது.) சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டாரைப் பொருத்திய இவரது மின்சாரக் கார், 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. சங்கிலியும் இல்லை, கியரும் இல்லை. ஆனால் பற்றரி மட்டும் நானூறு கிலோவுக்கு மேல். நான்கு சக்கரங்களிலும் மோட்டார் வைத்துச் செய்த ஒரு காருக்கு 1,800 கிலோ ஈயப் பற்றரி தேவைப்பட்டது. பற்றரியைச் சுமப்பதற்கென்றே பற்றரி வாங்கிய கதை.

அதே ஆண்டில் அவர் வேறு வழி பிடித்தார். பற்றரியைக் குறைத்து, காரின் நடுவில் இரண்டு சிறிய பெற்றோல் எஞ்சின்களை வைத்தார். அவற்றுக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடுப்பும் இல்லை. எஞ்சின் ஒவ்வொன்றும் ஒரு டைனமோவைச் சுற்றும். டைனமோவின் மின்சாரம் முதலில் சக்கர மோட்டார்களுக்குப் போகும், மிஞ்சியது பற்றரிக்குப் போகும். காருக்கு "செம்பர் விவுஸ்" என்று இலத்தீனில் பெயரிட்டார்கள். "என்றும் உயிருள்ளது" என்று பொருள். டைனமோ ஒன்று கொடுத்தது 90 வோல்ற்றில் 20 அம்பியர். பெருக்கிப் பாருங்கள், 1,800 வாற். இன்று கடையில் வாங்கிக் கையில் தூக்கிவருகிற சிறு ஜெனரேற்றரின் அளவேதான்! எங்கள் பிள்ளைகள் பின் சீற்றில் வைத்ததை அவர் நடுவில் வைத்தார், இரண்டாக வைத்தார், பற்றரி வெறுமையாகுமுன் வைத்தார். வித்தியாசம் அவ்வளவே.

1901இல் வந்த அடுத்த கார் "மிக்ஸ்ற்". இதில் முன்பக்கத்தில் 25 குதிரை வலுவுள்ள ஒரு பெரிய எஞ்சின், அதற்கேற்ற ஜெனரேற்றர், சிறிய பற்றரி. அதாவது வரவைக் கூட்டிச் சேமிப்பைக் குறைத்தார். இந்த வழியில் இறுதிவரை போனால் சேமிப்பே வேண்டாத ஓர் இடத்துக்கு வந்து சேர்வோம். அந்த இடத்தை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். யாழ்தேவி.

1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்குக் கொடுத்த டீசல் எஞ்சின்கள் இந்த ஒன்ராறியோ மாகாணத்தின் லண்டன் நகரில் செய்யப்பட்டவை. அவற்றுக்குக் கனேடிய மாகாணங்களின் பெயர்களையே வைத்தார்கள். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை இழுத்தவை அவைதான். சுமார் 1,400 குதிரை வலுவுள்ள டீசல் எஞ்சின் ஒன்று ஜெனரேற்றரைச் சுற்ற, அந்த மின்சாரத்தில் சக்கர மோட்டார்கள் ஓடும். தண்டவாளத்தில் ஓடிய ஒரு பெரிய ஜெனரேற்றர் என்றே சொல்லலாம். சிறுவயதில் கொடிகாமம் ஸ்ரேசனில் "அல்பேர்ட்டா" என்ற பலகையைப் பார்த்துவிட்டு, அது யாரோ பெண்பிள்ளையின் பெயர் என்று நான் நினைத்திருந்தேன். 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. மறுபடி வந்தது 2014 அக்டோபரில்.

இடையில் மின்சாரமும் போயிற்று. பெற்றோல், பற்றரி இரண்டும் தடைப்பட்டியலில். கார்புரேற்றருக்குள் சில சொட்டுப் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்களைத்தான் ஆச்சி சொன்னார். எங்கள் வீட்டில் கார் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரேடியோவுக்குக் கொடுத்திருந்தோம். ரேடியோ திருத்துகிறவர் ஒருவர் இரண்டு மூன்று டயோட் வைத்துக் கட்டித் தந்தார். இரவில் பி.பி.சி. தமிழோசை நேரத்துக்கு அயலவர் எல்லாரும் முற்றத்துக்கு வருவார்கள். பெடல் சுற்றுவது என் வேலை.

அதுவும் யாழ்தேவி மாதிரித்தான், இடையில் பற்றரி கிடையாது. கை நின்றால் குரல் நிற்கும். ஓர் இரவு குண்டு விழுந்த ஊர் எது என்று சொல்லுகிற இடத்தில் என் கை சோர்ந்துவிட்டது. ஊரின் பெயரில் முதல் எழுத்து மட்டும்தான் கேட்டது. அந்த எழுத்தில் தொடங்கும் ஊர்கள் எத்தனை! அடுத்த வளவு அக்காவின் கணவர் அன்று காலைதான் அந்தப் பக்கம் போயிருந்தார். யாரும் என்னை ஏசவில்லை. அக்கா விடியும்வரை எங்கள் திண்ணையிலேயே இருந்தார். மறுநாள் மத்தியானம் அவர் சைக்கிளில் வந்து இறங்கினார். இன்று நிலையத்தில் மாற்று மின்சாரத்துக்கான பற்றரிப் பெட்டியைக் கிழமைக்கொருதரம் நான் பார்த்துவிட்டுப் போவதைக் கேலி செய்யும் இளம் அறிவிப்பாளர்களுக்கு இந்தக் கதை தெரியாது.

பூங்காவுக்கு வருவோம். வண்டியை நிழலில் நிறுத்தி ஒன்றரை மணி நேரம் சார்ஜ் ஏற்றினோம். மழைக்காக வண்டியைச் சுற்றி மாட்டியிருந்த பிளாஸ்ரிக் திரைகளை ஒரு தாதித் தங்கை முதலில் கழற்றுவித்தார், ஜெனரேற்றரையும் கீழே இறக்கித் தள்ளி வைப்பித்தார். ஜெனரேற்றரின் புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய இடத்தில் அது ஆளைக் கொல்லும். இதை வீட்டில் ஜெனரேற்றர் வைத்திருக்கும் எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒன்றரை மணி நேரமும் மைக் இல்லாமலேயே தலைவர் உரையாற்றினார். சிலருக்கு அது வசதியாகவும் இருந்தது. மாலையில் வண்டி பத்துப் பன்னிரண்டு தடவை போய்வந்தது. ஆச்சியைத்தான் முதலில் ஏற்றினோம்.

ஜெனரேற்றருக்கு விட்ட பெற்றோலை ஒலிபெருக்கிச் செலவில் எழுதுவதா, போக்குவரத்துச் செலவில் எழுதுவதா என்று செயலாளரும் நானும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.