மெழுகுவர்த்தியில் உருகிய பனி

1952 மே இறுதியில் ஷெர்பா டென்சிங்கும் சுவிட்சர்லாந்தின் லாம்பெரும் எவரெஸ்டில் ஏறத்தாழ 8,400 மீட்டரில் ஓர் இரவைக் கழித்தார்கள். உறங்கும் பை இல்லை, அடுப்பும் இல்லை. தாகத்துக்கு மெழுகுவர்த்தியில் பனியை உருக்கிச் சில மடக்குகள் குடித்தார்கள். மறுநாள் 8,600 மீட்டரை நெருங்கித் திரும்பினார்கள்.

அந்த வீரத்தைப் பாடியவர்கள் பலர். எனக்குப் பிடித்தவர் கணக்குப் பார்த்தவர்: பிரிட்டிஷ் உடலியங்கியலாளர் கிரிஃபித் பியூ. அதே ஆண்டு சோ ஓயு சிகரப் பயணத்தில் ஏறுபவர்களின் மூச்சைப் பைகளில் பிடித்து அளந்தார். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆக்சிஜன் தந்தால்தான் சிலிண்டர் சுமந்த பாட்டுக்குப் பலன் உண்டு என்றார். வறண்ட குளிர்காற்றில் இரைக்க இரைக்க மூச்சுவிடும்போதே உடல்நீர் வற்றுகிறது. ஆகவே நாளுக்கு 3 லிட்டராவது குடிக்கவேண்டும், பனியை உருக்க நல்ல அடுப்பும் எரிபொருளும் வேண்டும் என்றார். 1953 மே 29இல், அந்தக் கணக்கின்படி போன ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். புகழ் ஏறியவர்களுக்குப் போனது. உலக வழக்கம் அது.

பியூ விடவில்லை. 1960-61 குளிர்காலத்தில் இமயமலையில் 5,800 மீட்டரில் ‘வெள்ளிக் குடில்’ அமைத்து, விஞ்ஞானிகளை மாதக்கணக்கில் தங்கவைத்தார். வயிறாரச் சாப்பாடு இருந்தும் அவர்கள் இளைத்துக்கொண்டே போனார்கள்.