பள்ளிச்சந்தம்

சோழர் காலச் சாசனங்களைப் படிப்போர் சில சொற்களைத் திரும்பத் திரும்பச் சந்திப்பர். பிராமணருக்குக் கொடுத்த நிலம் பிரமதேயம். கோயிலுக்குக் கொடுத்தது தேவதானம். சமண, பௌத்தப் பள்ளிகளுக்குக் கொடுத்தது பள்ளிச்சந்தம். தேவாரம் பாடியவர்கள் கடிந்து பாடிய சமயத்தாருக்குக் கொடுக்கும் கொடைக்கும், ஊர்க்கணக்கு எழுதுபவர் கையில் சாதாரணமான ஒரு சொல் இருந்திருக்கிறது.

நமக்கு உடன்பாடில்லாத கொள்கையுடைய ஒரு தரும நிலையத்துக்கு நாம் காசு கொடுக்கலாமா? எங்கள் ஆசிரியர் அறையில் நன்கொடைப் பட்டியல் சுற்றி வரும்போதெல்லாம் இந்த வாதம் எழும். பழையவர்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் தெளிவு பிறக்கக்கூடும் என்று எண்ணியே இச்சொல்லை எடுத்துக்கொண்டேன்.

முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஆம் ஆண்டளவில், நாகபட்டினத்துப் பௌத்த விகாரை ஒன்றுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். விகாரையைக் கட்டியவன் கடலுக்கு அப்பாலிருந்த கிடாரத்து அரசன் ஸ்ரீமாறவிசயோத்துங்கவர்மன். தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் அவன் அதைக் கட்டினான். கொடுத்த சோழனோ சிவபாதசேகரன் என்ற பெயர் பூண்டவன். தஞ்சைப் பெரிய கோயில் எழுந்துகொண்டிருந்த காலமும் அதுவே. 1010இல் அது நிறைவேறியது.

அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடு 21 ஏடுகள் கொண்டது. ஒல்லாந்தர் கைக்குப் போய் லெய்டன் நகரைச் சேர்ந்தமையால் லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றது. அதைப் படிக்கையில் என்னை வியக்க வைப்பது அதன் கணக்கு. ஊரின் எல்லையைக் காண ஒரு பெண் யானையை நடத்திச் சுற்றிவந்தார்கள். நிலத்திலிருந்து விகாரைக்குச் சேரவேண்டிய நெல் 8,943 கலம், 2 தூணி, 1 குறுணி, 1 நாழி. அந்தக் கடைசி நாழியையும் விட்டுவிடாமல் எழுதியிருக்கிறார்கள்! புத்தர் சொன்னது சரியா, சிவாகமம் சொன்னது சரியா என்ற விசாரணை அங்கே இல்லை. எந்த ஊர், எவ்வளவு நெல், எந்த விகாரை என்பதே அங்கே பேச்சு.

பரந்த மனம் என்று பாராட்டிவிட்டு அப்பாற் செல்லலாம். பாடநூல்கள் பலவும் அப்படித்தான் செய்கின்றன. எனக்கு அது போதவில்லை. தந்தையின் கொடைக்குச் செப்பேடு வெட்டுவித்தவன் இராசேந்திரன். 1017இல் அவனுடைய படையினர் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்தபோது ஈழத்து விகாரைகளில் தாது வைத்த அறைகளையும் உடைத்தனர் என்று சூளவம்சம் முறையிடுகிறது. 1025இல் அவனுடைய கப்பற்படை அந்தக் கிடாரத்தின் மீதே பாய்ந்தது. நாகபட்டினத்துக் கொடைக்குப் பின்னால் கீழைக்கடல் வாணிகமும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அந்த 8,943 கலமும் அரசன் தன் வாயைக் கட்டிச் சேர்த்ததா? சேற்றில் நின்ற குடியானவன் அளந்த நெல் அது. அவனை யாரும் கேட்கவில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர் மூண்டு அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1090இல், முதலாம் குலோத்துங்கன் வெளியிட்ட சிறிய லெய்டன் செப்பேட்டிலும் ஆனைமங்கலம் விகாரையின் ஊராகவே பேசப்படுகிறது. கிடாரத்தோடு பகைத்தபோதும் கொடுத்த ஊரைப் பிடுங்கவில்லை. தருமத்தைக் காப்பவன் எச்சமயத்தவன் என்று கேளாமல், அவன் பாதங்களைத் தம் தலைமேல் வைப்பதாக எழுதும் சாசன மரபு வெறும் அலங்காரம் அன்று போலும்.

நம் நாட்டிலும் இதன் சுவடு உண்டு. திருகோணமலைக்கு அருகே பெரியகுளத்தை அடுத்த வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. பசுக்களும் விளக்குகளும் கொடுத்த செய்திகள் அங்கே தமிழிற் பொறிக்கப்பட்டுள்ளன. கொடுத்தவர்களிற் பலர் தமிழ்ப் பௌத்தராகவே இருந்திருக்கலாம். ஆகவே இதை மாற்றுச் சமயத்துக்கு ஈந்த கொடையென்று துணிந்து சொல்ல நான் முன்வரேன்.

இனி, யாழ்ப்பாணத்துக்கு வருவோம். அங்கே கதை தலைகீழாகிறது. இராசராசன் கொடுத்தபோது அவன் வலியவன். விகாரை அவன் நிழலில் நின்றது. அவன் பிள்ளைகளை யாரும் மதம் மாற்றிவிடப் போவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அமெரிக்க மிசன் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கியபோது, வலிமை முழுவதும் கொடுப்பவர் பக்கத்தில் இருந்தது. சோறும் உடையும் கல்வியும் ஒரே கையால் வழங்கப்பட்டன; அந்தக் கையிலேயே வேதாகமமும் இருந்தது. சோற்றை மட்டும் எடுத்துக்கொள்ளப் பிள்ளைக்கு வழியேது?

நல்லூர் ஆறுமுகநாவலர் இதை உள்ளிருந்து கண்டவர். வெசுலியன் மிசன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத் தமிழாக்கத்தில் துணைநின்றவர். உடன்படாத நூலுக்குத் தம் தமிழை அவர் குறையின்றிக் கொடுத்தார். தொழில் வேறு, விசுவாசம் வேறு என்று வகுக்கத் தெரிந்தவர் அவர். ஆனால் சைவப் பிள்ளைகளின் கல்வி என்று வந்தபோது அந்த வகுப்பு நிற்காது என்று கண்டார். 1848இல் வேலையை விட்டார். வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதற்காகத் தம் மக்களிடம் கையேந்தினார். மிசனரிமாரை ஏசிக்கொண்டே அவர்களுடைய பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பிய கனவான்களைவிட இது நேர்மையானது என்பது என் கருத்து.

மிசன் காசு முழுவதும் கொடுத்தவர் எண்ணியபடியே பலித்ததா? அமெரிக்கத் தருமவான்களின் பெயர்களை வட்டுக்கோட்டைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. அங்கே படித்த தாமோதரம்பிள்ளை ஆங்கிலத்தில் சி. டபிள்யூ., தமிழில் சி. வை., சிறுபிட்டி வைரவநாதர் மகன். அவர் சைவத்துக்கே திரும்பினார். பௌத்தச் சார்புள்ள வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும், சமணக் காப்பியமாகிய சூளாமணியை 1889இலும் பதிப்பித்தார். சமயத்தைப் பரப்பக் காசு கொடுத்த அமெரிக்கர்கள் இதைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். தமிழ் படிப்பிக்கும் எனக்கு அவர்களிடம் கொஞ்சம் நன்றியுண்டு.

சில வருடங்களுக்கு முன், எங்கள் பகுதியிலே ஒரு கிறிஸ்தவ சபை நடத்தும் சிறுவர் இல்லத்தார் உதவி கேட்டு வந்தார்கள். அங்கிருந்த பிள்ளைகளிற் சிலர் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள். அரிசிக்கென்று எழுதிப் பற்றுச்சீட்டுத் தருவதானால் கொடுக்கிறேன் என்றேன். சாசனம் படித்த பழக்கம். கணக்குப் படிப்பிக்கும் நண்பர் சிரித்தார். "சேர், நீங்கள் அரிசிக்குக் கொடுத்தால், அவர்கள் அரிசிக்கு வைத்திருந்த காசு பிரசுரம் அடிக்கப் போகும். பெட்டி ஒன்றுதானே?" என்றார். அவர் சொன்னது சரி. ஆனைமங்கலத்து நெல்லுக்கும் அது பொருந்தும்.

ஆகவே பணத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். சிவராத்திரிக்குச் சைவப் பிள்ளைகளைக் கோயிலுக்கு விடுவீர்களா? "உறவினர் வந்து அழைத்தால் விடுவோம்" என்றார் பொறுப்பாளர். அழைக்க உறவினர் இல்லாதவர்கள்தானே அங்கே அதிகம் என்றேன். அவர் சற்று யோசித்தார். அப்படியானால் நீங்கள் வந்து கையெழுத்து வைத்துக் கூட்டிப் போங்கள் என்றார்.

அரிசிக் காசு மாதாமாதம் போகிறது. சிவராத்திரியன்று மாலையில் நானும் கணக்கு ஆசிரியரும் போய், வர விரும்பும் பிள்ளைகளை அழைத்துச் சென்று, விடிந்ததும் கொண்டுபோய் விடுகிறோம்.