மீட்டர் கேஜ் ஆட்டம்

சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931 முதல் 2004 வரை ஓடிய மீட்டர் கேஜ் மின்ரயில்கள், ஓட்டத்தில் இடமும் வலமுமாக அசைந்த அசைவு. ஊர்க்காரர்கள் ‘எலக்ட்ரிக் ட்ரெயின்’ என்றே சொல்லிவந்த இந்த வண்டிகளில் குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் நின்றபடி போனவர்களுக்கு இது விளக்க வேண்டாத அனுபவம்.

தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் போதும் என்பது மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த 1870-இல் செலவைக் குறைக்க எடுத்த முடிவு. தென்னிந்திய ரயில்வே பெரும்பாலும் அந்த அகலத்திலேயே வளர்ந்தது. 1931 ஏப்ரல் 2-இல் ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டான்லி மின்ரயிலைத் தொடங்கிவைத்தார். மே 11 முதல் மக்கள் ஏறினர். இந்தியாவில் மின்மயமான முதல் மீட்டர் கேஜ் தடம் இது.

‘பெட்டி பழசு, அதான் ஆடுது’ என்பது நெடுநாள் நிலவிய விளக்கம். பாதிதான் சரி. 1960களில் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை (ஐ.சி.எஃப்.) கட்டிய புதுப் பெட்டிகளும் ஆடவே செய்தன. 1967-இல் 1,500 வோல்ட் நேர்மின்சாரம் 25,000 வோல்ட் மாறுமின்சாரமானதும் இதை மாற்றவில்லை. மின்சாரத்துக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

காரணம் வடிவக் கணக்கில் இருக்கிறது. மீட்டர் கேஜ் பெட்டியின் அகலம் சுமார் 2.7 மீட்டர், அதாவது தடத்தைப் போல 2.7 மடங்கு. அகலப்பாதை மின்ரயில் பெட்டி 3.66 மீட்டர் அகலமானாலும் தடம் 1.676 மீட்டர் என்பதால் 2.2 மடங்குதான். கால்களைச் சேர்த்துவைத்து நிற்பவர் லேசான தள்ளலுக்கே சாய்வதைப் போலத்தான் இது. இன்னொன்று சக்கரம். அதன் ஓடுபரப்பு உட்புறம் பருத்து, வெளிப்புறம் சிறுத்திருக்கும். அச்சு இடப்பக்கம் நகர்ந்தால் இடச்சக்கரம் பெரிய விட்டத்தில் உருண்டு வண்டியை வலப்பக்கம் திருப்பும். அது நடுவில் நிற்காமல் அப்பால் போய்விடும், மறுபடி திரும்பும். இந்த நெளிவின் நீளத்தை 1883-இல் ஜெர்மானியப் பொறியாளர் கிளிங்கெல் கணக்கிட்டார். தடம் குறுகினால், சக்கரம் சிறுத்தால் நெளிவும் குறுகும். அதே வேகத்தில் அசைவு அடிக்கடி வரும். சக்கரம் தேய்ந்தால் இன்னும் மோசம்.

அதற்காக மீட்டர் கேஜ் வேகத்துக்கு ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. 1977 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் இதே அகலத்தில் மணிக்கு 100 கி.மீ. தொட்டது. தடத்தைக் கண்ணும் கருத்துமாகப் பராமரித்தால் ஆட்டம் கட்டுக்குள் நிற்கும். இதில் தடத்தைப் பேணும் கேங்மேன்களின் உழைப்புக்குக் கிடைத்த பெயர் குறைவு.

2004-இல் மீட்டர் கேஜ் மின்ரயில் நின்று, தாம்பரம் தடம் முழுதும் அகலப்பாதையானது. தமிழ்நாட்டில் இன்று பயணிகள் வண்டி ஓடும் மீட்டர் கேஜ் தடம் மேட்டுப்பாளையம்–உதகை மலைரயில் மட்டுமே. அதன் மெதுவான ஓட்டத்தில் இந்த நெளிவு தலைகாட்டுவதில்லை.